சார் முதல் டியூக் வரை: ஆங்கிலப் பட்டச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஒரு நாளைக்கு எத்தனை முறை 'சார்' சொல்கிறோம்? பஸ்ஸில் கண்டக்டரிடம், பேங்கில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், வழி கேட்கும்போது முன்பின் தெரியாதவரிடம். அந்தச் சொல்லுக்குப் பொருள் 'பெரியவரே' என்பதுதான். லத்தீனில் 'செனியோர்' என்றால் வயதில் மூத்தவர். அது பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து 'சீர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சர்' ஆகி, நம்மிடம் வந்து 'சார்' ஆயிற்று. காலேஜில் 'சீனியர்' என்கிறோமே, அது தேயாமல் தப்பித்த அதே சொல். 'சீனியர் சார்' என்று கூப்பிடும் ஜூனியர் பையன், பெரியவரை இரண்டு தடவை பெரியவராக்குகிறான்.

ஆங்கில நாவல், சரித்திரம், ஐரோப்பியப் படங்களின் சப்டைட்டில் எதைத் தொட்டாலும் டியூக், ஏர்ல், நைட், மார்ஷல் என்று ஒரு கூட்டம் வந்து நிற்கும். அகராதியைப் பார்த்தால் 'பிரபு', 'கோமகன்', 'சீமான்' என்று எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விடை. நானும் பல வருடம் அப்படியே தாண்டிப் போனவன்தான். ஒரு கூட்டத்தில் மொழிபெயர்ப்பு வாசிக்கும்போது 'விஸ்கவுண்ட்' என்று கணீரென்று படித்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "தம்பி, அதில் எஸ் ஊமை, வைகவுன்ட்" என்றார். அன்றைக்குத்தான் ஒரு நோட்டுப் போட்டேன்.

நீங்களும் போடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்வி போதும். எந்த வீட்டுச் சொல்? ஆரம்பத்தில் என்ன வேலை பார்த்தது? பிறகு மேலே ஏறியதா, கீழே இறங்கியதா? பட்டப்பெயர் எல்லாமே ஒரு காலத்தில் யாரோ செய்த வேலையின் பெயர், அல்லது உறவின் பெயர். அந்த வேலையைக் கண்டுபிடித்துவிட்டால் சொல் மறக்காது.

முதல் படி: வாயில் ஏற்கெனவே இருப்பதை எடுங்கள்

டியூக்கில் ஆரம்பிக்காதீர்கள். தினமும் புழங்கும் சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள்.

'மேடம்' என்பது பிரெஞ்சில் 'மா டாம்', அதாவது 'என் தலைவி'. அந்த 'டாம்' லத்தீன் 'டோமினா'விலிருந்து வந்தது. 'டோமுஸ்' என்றால் வீடு. ஆக டோமினா என்பவர் அச்சு அசலாக நம் 'வீட்டுக்காரம்மா'. வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரம்மாவை இனி தைரியமாக மேடம் என்று அழைக்கலாம், தப்பே இல்லை.

'மிஸ்டர்', 'மாஸ்டர்' இரண்டும் லத்தீன் 'மாகிஸ்டெர்'. அதன் உள்ளே இருப்பது 'மாகிஸ்', 'அதிகம்' என்று பொருள். மேலானவர், அதனால் ஆசான். இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்ட சொல்தான் 'மினிஸ்டர்'. அதன் உள்ளே இருப்பது கணக்கில் கழிக்கிற அதே 'மைனஸ்'. குறைந்தவர், ஆகவே பணியாள். ராஜாவின் பணியாள் என்பதிலிருந்து மந்திரி ஆனார். எங்கள் ஊர் டீக்கடையில் இதைச் சொன்னபோது கிடைத்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

'மேயர்', 'மேஜர்' இரண்டும் 'மாயோர்', அதாவது 'இன்னும் பெரியவர்'. சென்னைக்கு இந்தச் சொல் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1688லேயே இங்கே மாநகராட்சி அமைத்து மேயரை உட்கார வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் படி: பழைய வீடா, புதிய வீடா என்று பிரியுங்கள்

1066இல் பிரான்சின் வடக்கே உள்ள நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதற்குப் பின் சில நூறு ஆண்டுகள் அரண்மனையில் பிரெஞ்சு, வயல்காட்டில் ஆங்கிலம். பட்டச் சொற்களில் பெரும்பாலானவை அரண்மனை வழியாக வந்தவை: டியூக், பிரின்ஸ், பாரன், ராயல், கோர்ட், மெஜஸ்டி. அதற்கு முன்பிருந்தே மண்ணில் கிடந்து பிழைத்த பழைய ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான்: கிங், குயீன், லார்டு, லேடி, ஏர்ல், நைட். நோட்டில் இரண்டு பத்தி போட்டுப் பிரித்து எழுதிப் பாருங்கள், நிறையத் தெளியும்.

பழைய வீட்டுச் சொற்களில்தான் எனக்குப் பிரியம் அதிகம். 'கிங்' பழைய ஆங்கிலத்தில் 'கியுனிங்'. அதிலுள்ள 'கியுன்' என்றால் குலம், உறவு. ராஜா என்பவர் குலத்தின் பிள்ளை. 'குயீன்' என்பதற்கு முதலில் அரசி என்ற பொருளே முதன்மையாக இல்லை. பெண், மனைவி என்பதுதான் அடிப்படை. கிரேக்கத்தில் இதன் பங்காளி 'கினே'. ஆஸ்பத்திரி போர்டில் 'கைனகாலஜி' என்று எழுதியிருப்பதும் குயீனும் ஒரே குடும்பம்.

இப்போது லார்டுக்கு வாருங்கள். இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வேர்ட்'. முன்பாதி 'ஹ்லாஃப்', இன்றைக்கு பேக்கரியில் 'ஒரு லோஃப் பிரெட்' என்கிறோமே, அந்த லோஃப். பின்பாதி, காப்பவன், 'வார்டன்' என்பதில் இருப்பதும் அதன் உறவுதான். ரொட்டியைக் காப்பவன் லார்டு. 'லேடி'யின் பழைய வடிவத்திலும் முன்பாதி அதே ரொட்டி. பின்பாதி மாவு பிசைபவள். வீட்டில் அண்டிப் பிழைக்கிற ஆளுக்கும் ஒரு பெயர் இருந்தது, 'ரொட்டி தின்பவன்' என்று. இதை எனக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. செஞ்சோற்றுக் கடன் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சோறு போடுகிறவனே தலைவன் என்பது புதுச் செய்தியா? சேரர்களில் ஒருவருக்குப் பெருஞ்சோற்று உதியன் என்றே பெயர்.

பல இடங்களில் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரே வேலைக்கு அருகருகே நிற்கும். 'கிங்லி' ஆங்கிலம், 'ராயல்' பிரெஞ்சு வழியாக வந்தது, 'ரீகல்' லத்தீனிலிருந்து நேராக எடுத்தது. மூன்றுக்கும் பொருள் ஒன்றே, மிடுக்கு வேறு. 'லாயல்', 'லீகல்' ஜோடியும் இதே அச்சில் வார்த்ததுதான்.

மூன்றாம் படி: வேலைக்காரனைத் தேடுங்கள்

இது கொஞ்சம் வேடிக்கையான படி. பெரிய பதவிப் பெயரைக் கீறிப் பார்த்தால் உள்ளே ஒரு வேலையாள் இருப்பார்.

'மார்ஷல்' பழைய ஜெர்மானியச் சொல். முன்பாதி குதிரை, 'மேர்' என்று பெண் குதிரையைச் சொல்வது இதிலிருந்துதான். பின்பாதி வேலைக்காரன். குதிரை லாயத்து ஆள். அந்தச் சொல் ஏறிய உயரத்தைப் பாருங்கள்: இந்திய ராணுவத்தில் இதுவரை இரண்டே பேருக்குத்தான் ஃபீல்டு மார்ஷல் பதவி, மானெக்‌ஷாவுக்கு 1973இல், கரியப்பாவுக்கு 1986இல். சட்டசபையில் கூச்சல் போடும் உறுப்பினரை அலாக்காகத் தூக்கி வெளியே விடுபவருக்கும் இதே பெயர் உண்டு.

'கான்ஸ்டபிள்' வந்ததும் லாயத்திலிருந்துதான். லத்தீனில் 'கோமெஸ் ஸ்தாபுலி', லாயத்தின் அதிகாரி. ஆனால் இவர் ஆரம்பத்திலேயே அதிகாரி. பிரான்சில் அரசனுக்கு அடுத்தபடியாகப் படைக்கே தலைமை தாங்கியவர். நம் ஸ்டேஷனில் அதே சொல் கடைசிப் படியில் நிற்கிறது. ஒரே லாயத்திலிருந்து புறப்பட்ட இருவரில் வேலைக்காரன் ஃபீல்டு மார்ஷல் ஆனான், அதிகாரி பந்தோபஸ்துக்கு நிற்கிறார்.

'நைட்' என்பதன் பழைய பொருள் பையன், எடுபிடி. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு 'க்னெக்ட்' இன்றும் வேலையாள்தான். ஆங்கிலத்தில் மட்டும் குதிரையேறி, கவசம் போட்டு, 'சர்' பட்டம் வாங்கிவிட்டது. எழுதும்போது முன்னால் வருகிற அந்தக் 'கே' வெறும் அலங்காரம் அல்ல. முன்பு அதை உச்சரித்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 'சான்சலர்'. லத்தீனில் 'கான்செல்லி' என்றால் கிராதி, கம்பித் தடுப்பு. ரோமானிய நீதிமன்றத்தில் அந்தக் கிராதி ஓரம் நின்ற சிப்பந்திதான் 'கான்செல்லாரியுஸ்'. அவர் எழுத்தராகி, அரசனின் முத்திரையைக் காப்பவராகி, ஜெர்மனியில் நாட்டையே ஆள்பவராகிவிட்டார். நம் பல்கலைக்கழகச் சட்டங்களில் அவரைத் தமிழாக்கினார்கள் பாருங்கள்: வேந்தர்! சேர சோழ பாண்டியருக்கு மட்டும் என்று பழந்தமிழ் ஒதுக்கி வைத்த சொல்லைக் கிராதிக்காரருக்குக் கொடுத்தாயிற்று. அவருக்குக் கீழே துணைவேந்தர். இன்னொன்று: எழுதியதன் மேல் கிராதிபோலக் குறுக்குக் கோடு இழுப்பதுதான் 'கேன்சல்'. ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் கேன்சல் செய்யும்போது துணைவேந்தரின் மேலதிகாரியை நினைத்துக்கொள்ளலாம்.

'ஷெரிஃப்' சுலபம்: ஷயர் என்றால் மாவட்டம், ரீவ் என்றால் மணியக்காரர். ஒட்டிச் சொல்லிச் சொல்லி ஷெரிஃப். 'ஸ்டூவர்ட்' வீட்டுக் கூடத்தைக் காத்தவர். ஸ்காட்லாந்தில் அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்த குடும்பம்தான் பின்னால் ஸ்டூவர்ட் அரச வம்சம் ஆனது.

நான்காம் படி: ஐந்து படிக்கட்டை ஒரே ஆளை வைத்து மனப்பாடம் செய்யுங்கள்

பிரிட்டிஷ் பிரபுக்களில் ஐந்து தரம். கீழிருந்து மேல்: பாரன், வைகவுன்ட், ஏர்ல், மார்க்விஸ், டியூக். முதலாவதைச் சரியான உச்சரிப்புக்கு அருகில் 'பேரன்' என்று எழுதலாம்தான், பிறகு தாத்தா யாரென்று கேட்பார்கள்.

வரிசை மறக்காமலிருக்க ஆர்தர் வெல்லெஸ்லியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1799இல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். 1804இல் நைட் ஆகி 'சர் ஆர்தர்' ஆனார். ஸ்பெயினில் நெப்போலியன் படைகளோடு மோதி ஜெயித்ததற்கு 1809இல் பாரன், வைகவுன்ட் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. 1812 தொடக்கத்தில் ஏர்ல், அதே ஆண்டு மார்க்விஸ், 1814இல் டியூக். ஐந்தே வருடத்தில் ஐந்து படி. அந்த டியூக் ஆஃப் வெலிங்டனின் பெயரில்தான் குன்னூர் பக்கத்து வெலிங்டன் இருக்கிறது. (சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் வேறு ஆள். அவரும் 1910இல் பாரனாகத் தொடங்கி 1936இல் மார்க்விஸ்வரை ஏறினார், ஒரு படி குறைவு.)

இனி அர்த்தம். பாரன் என்றால் வெறுமனே 'ஆள்', அரசனுடைய ஆள். ஏர்ல் பழைய ஆங்கில வீரன். டென்மார்க்காரர்களின் 'யார்ல்' என்ற சொல்லும் அதனோடு கலந்தது. பிரெஞ்சில் ஏர்லுக்குச் சமமானவர் 'கவுன்ட்', லத்தீன் 'கோமெஸ்', அரசனின் கூட்டாளி. நார்மன்கள் வந்தும் ஏர்ல் என்ற பெயரை ஆங்கிலேயர் விடவில்லை. ஆனால் ஏர்லுக்குப் பெண்பால் கிடையாதே, அதனால் மனைவிக்கு மட்டும் பிரெஞ்சிலிருந்து 'கவுன்டெஸ்'. கவுன்ட் இல்லாத நாட்டில் கவுன்டெஸ் இருக்கிறார், 'கவுன்டி'யும் இருக்கிறது. வைகவுன்ட் என்பவர் கவுன்டுக்குப் பதில் ஆள். வைஸ்ராய், வைஸ் பிரின்சிபல் எல்லாவற்றிலும் உள்ள அதே 'வைஸ்'.

மார்க்விஸ் எல்லைக்காவலர். 'மார்ச்', 'மார்க்' என்றால் நாட்டின் ஓரம். டென்மார்க்கின் கடைசியில் இருப்பதும் அதுதான். எதிரி வரும் வழியில் இருப்பவர் என்பதால் உள்நாட்டுக் கவுன்டைவிட ஒரு படி மேல். டியூக் லத்தீன் 'துக்ஸ்', முன்நடத்துபவர், படைத்தலைவர். ஆள்வரிசையில் இவர் உச்சி என்றாலும் இங்கிலாந்தில் தாமதமாக வந்தவர்: மூன்றாம் எட்வர்ட் 1337இல் தன் மூத்த மகனைக் கார்ன்வாலின் டியூக் ஆக்கியதுதான் முதல். மார்க்விஸ் 1385இல், வைகவுன்ட் 1440இல். ஏர்லும் பாரனும்தான் பழைய கட்டடம், மற்றவை பிற்பாடு எழுப்பிய மாடிகள்.

பாரனெட் இந்த ஐந்தில் சேராது. முதலாம் ஜேம்ஸ் 1611இல் அயர்லாந்தின் அல்ஸ்டருக்குப் படை அனுப்பப் பணமில்லாமல் 1,095 பவுண்டு விலை வைத்து விற்ற பரம்பரைப் பட்டம் அது.

ஐந்தாம் படி: 'பிரபு' என்று கண்டால் உஷார்

நம் பாடப்புத்தகங்களில் ரிப்பன் பிரபு, கர்சன் பிரபு, பென்டிங்க் பிரபு எல்லாரும் ஒரே பிரபுதான். உண்மையில் ரிப்பன் மார்க்விஸ். கர்சன் வைஸ்ராயாக வந்தபோது பாரன். டியூக்கைத் தவிர மற்ற நால்வரையும் பேச்சில் 'லார்டு' என்றே அழைப்பது ஆங்கில வழக்கம், அதனால் வந்த குழப்பம்.

பென்டிங்க் கதை இன்னும் வேறு. 1803இல் சென்னைக்கு கவர்னராக வந்து, 1806 வேலூர்க் கிளர்ச்சியால் திருப்பி அழைக்கப்பட்டவர். அவர் லார்டு பென்டிங்க் அல்ல, 'லார்டு வில்லியம் பென்டிங்க்'. சொந்தப் பெயர் நடுவில் வந்தால் அவர் டியூக் அல்லது மார்க்விஸின் இளைய மகன், மரியாதைக்குத்தான் லார்டு. பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. இந்த ஒரு அடையாளத்தைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

'சர்' பட்டத்துக்கு விதி வேறு: சொந்தப் பெயரோடுதான் சேரும், குடும்பப் பெயரோடு அல்ல. சர் ஐசக் என்பார்கள், சர் நியூட்டன் என்பது பிழை. இந்த விதி நம்மவர்களிடம் வந்து தலைகீழானது. இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் அண்ணன் தம்பி. ஆங்கில முறைப்படி இருவருமே 'சர் பொன்னம்பலம்'. பொன்னம்பலமோ அவர்களுடைய அப்பா!

ஆறாம் படி: காதை நம்பாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் வழுக்கும் இடம் இது. ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடத் தோன்றும். 'கவுன்ட்'டுக்கும் கொங்குநாட்டுக் கவுண்டருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் 'ராயல்' என்பதும் கிருஷ்ணதேவராயரின் 'ராயர்' என்பதும் நிஜமாகவே தூரத்துச் சொந்தம்: லத்தீன் 'ரெக்ஸ்', வடமொழி 'ராஜன்' இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. காதுக்கு இரண்டு ஜோடியும் ஒரே மாதிரிதான். பழைய வடிவங்களைப் பின்னோக்கிப் பார்த்தால்தான் எது சொந்தம் என்று தெரியும்.

மறுபக்கம், ஒலியில் சம்பந்தமே தெரியாதவை உறவாக இருக்கும். சதுரங்கத்தில் 'செக்' என்பது பாரசீக 'ஷா', ராஜா. சதுரங்கக் கட்டம் போட்ட துணியின்மேல் கணக்குப் பார்த்ததால் இங்கிலாந்துக் கஜானாவுக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். பேங்கில் கொடுக்கும் செக்கும் இந்தக் குடும்பமே. ராயப்பேட்டையில் ஆற்காடு இளவரசர் வசிக்கும் அமீர் மகாலைக் கடந்து போயிருப்பீர்கள். அரபியில் 'அமீர்' என்றால் ஆணையிடுபவர். கடற்படை 'அட்மிரல்' அதிலிருந்து வந்தவர்.

கட்டுக்கதைகளும் உண்டு. ஓர் அரசர் மாட்டிறைச்சித் துண்டின் ருசியில் மயங்கி வாளை உருவி அதற்கு 'சர்' பட்டம் கொடுத்தாராம், அதனால் 'சர்லாய்ன்' ஆம். வெறும் கதை. பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேலே. இடுப்புக்கு மேல்பகுதி, அவ்வளவுதான்.

உச்சரிப்புக்கு ஒரு வரி

வைகவுன்டில் எஸ் ஊமை, சொன்னேனே. கர்னல் என்பதை எழுதும்போது 'எல்' வரும், படிக்கும்போது 'ர்' வரும். எழுத்து இத்தாலியிலிருந்து, ஒலி பிரெஞ்சின் 'கொரொனெல்' வடிவத்திலிருந்து. லெஃப்டினன்ட் என்பது பிரிட்டிஷ், லூடெனன்ட் அமெரிக்கம். பொருள் 'இடத்தைப் பிடித்திருப்பவர்'. புதுச்சேரியின் 'துணைநிலை ஆளுநர்' நல்ல தமிழாக்கம்.

கடைசியாக, ஒரு சொல்லை முழுதாகச் செய்து பார்ப்போம்

நல்ல சொற்பிறப்பு அகராதி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். பதிவுகள் இன்றிலிருந்து பின்னோக்கிப் போகும், ஆகவே கடைசி வரியை முதலில் படியுங்கள். ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, அறிஞர்கள் ஊகித்துக் கட்டியது. நோட்டில் அதைப் பென்சிலால் எழுதுங்கள்.

சொல்: 'கவர்னர்'. எந்த வீடு? பிரெஞ்சு வழி, லத்தீன் 'குபெர்னாரே'. அதற்கும் முன்னால் கிரேக்க 'கிபெர்னான்'. என்ன வேலை? கப்பலைத் திருப்புவது, சுக்கான் பிடிப்பது. இதே கிரேக்கச் சொல்லை எடுத்துத்தான் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948இல், கட்டுப்பாட்டு முறைகளை ஆராயும் தன் துறைக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தார். சைபர் கிரைம் போலீஸில் உள்ள சைபர் அதிலிருந்து வெட்டி எடுத்தது. ஏறியதா, இறங்கியதா? ஏறியது. தமிழில் கப்பல் ஓட்டுபவருக்கு மீகாமன் என்று அருமையான பழைய சொல் இருக்கிறது. ஆக, கிண்டி மாளிகையில் இருப்பவர் சொல்லின்படி ஒரு மீகாமன். கப்பல் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.